வாய் திறவாத பெற்றோரும் வயது வந்த பிள்ளைகளும்

 

மாலை மத்ரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அழைத்து, "குளிப்பின் பர்ளு எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். தடங்கலின்றிப் பதில் வரும். ஷாபியாக் குடும்பத்துப் பிள்ளை இரண்டு என்னும். ஹனபியாக் குடும்பத்துப் பிள்ளை மூன்று என்னும். அடுத்து, "குளிப்பு எதனால் கடமையாகிறது?" என்று கேளுங்கள். அதற்கும் மனப்பாடமாக விடை வரும். "அப்படியென்றால் என்ன?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வி போடுங்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். பக்கத்தில் நிற்கும் தகப்பனார் பேச்சை மாற்றுவார். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத், "அதையெல்லாம் வீட்டிலே கேட்டுக்கொள்" என்பார். வீட்டிலே கேட்டால் தாயார், "பெரியவனானால் தானே தெரிந்துபோகும்" என்பார்.

இப்பாடம் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது. பருவமடைந்த பிள்ளைகளிடமும், அடையப்போகிற பிள்ளைகளிடமும் உடலைப் பற்றியும், ஆண் பெண் உறவைப் பற்றியும், காதல் என்று அவர்கள் பெயர் சூட்டும் பழக்கத்தைப் பற்றியும் பெற்றோர் பேசலாமா, பேசினால் எப்படிப் பேசுவது என்பதே பொருள். "நம் சங்கத்து ஏட்டில் இதுவா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் எந்த பிக்ஹு நூலையாவது எடுத்து முதல் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கட்டும். தண்ணீரின் வகைகளைச் சொல்லி முடித்து, ஒளுவையும் சொல்லி முடித்த கையோடு நம் இமாம்கள் எதைப் பற்றி எழுதினார்கள் என்பது அங்கே தெரியும். வாசல் திறந்துதான் இருக்கிறது. நாம்தான் படியில் நின்றுகொண்டு உள்ளே போக மறுக்கிறோம்.

அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, உறக்கத்தில் ஆணுக்கு நேர்வது பெண்ணுக்கும் நேர்ந்தால் அவள் குளிக்க வேண்டுமா என்று நேரடியாகவே கேட்ட வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற முன்னுரையோடுதான் அந்த அம்மையார் கேட்டார்கள். உடனிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கு வெட்கம் வந்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆனால் நபியவர்கள் கேட்டவரைக் கடியவில்லை, விடை சொன்னார்கள். அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது, வெட்கம் அவர்களை மார்க்கம் கற்பதிலிருந்து தடுக்கவில்லை என்பதற்காகவே. அலி (ரலி) அவர்களுக்கோ இத்தகைய கேள்வியொன்றைத் தம் மாமனாரான நபியவர்களிடம் கேட்க வெட்கமாயிருந்தது. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டறிந்தார்கள். வெட்கப்பட்டவர்களும் உண்டு, வெட்கப்படாதவர்களும் உண்டு. கேளாமல் விட்டவர்கள் இல்லை. இதைப் பெற்றோர் நன்றாகக் கவனிக்கவேண்டும். தம்மால் பேச முடியாதென்று தோன்றினால் ஒரு மிக்தாதைத் தேடிக்கொள்ளலாம். சிறிய தகப்பனார், மாமா, மாமி, மூத்த ராத்தா என்று யாராவது நம்பிக்கையானவர் ஒருவர் குடும்பத்தில் இல்லாமலா போவார்?

நம் தமிழ் முஸ்லிம்களிடையேயும் இப்பேச்சு இருந்துதான் வந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) 'பத்ஹுத் தய்யான்' என்ற பிக்ஹு நூலை அரபுத் தமிழில் எழுதினார்கள். அரபு எழுத்தை ஓதத் தெரிந்து, அரபு மொழி தெரியாத மக்களுக்காக, சிறப்பாகப் பெண் மக்களுக்காக, ஹைளு, நிபாஸ், குளிப்பு முதலிய சட்டங்களெல்லாம் தாய்மொழியிலேயே கிடைத்தன. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் கூடும் தைக்காக்களில் இவை வெளிப்படையாக ஓதப்பட்டன. ஆகவே, "நம் பெரியவர்கள் இதையெல்லாம் பேசமாட்டார்கள்" என்று சொல்வோர், எந்தப் பெரியவர்களைச் சொல்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

நிற்க. இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், நம் பேராக் மாநிலத்து வாழ்க்கை மாறிய கதைதான் அதற்குள் இருக்கிறது.

சுங்கை சிப்புட், கோலாகங்சார், பத்து காஜா, தெலுக் இந்தான் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் நம்மவர் பெரும்பாலும் தோட்டத்து முகப்பில் கடை வைத்திருந்தார்கள். பால் வெட்டியவர்களும் இருந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர். பக்கத்து வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் தாயும் தகப்பனும் வாய் திறந்து எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண் பிள்ளை பெரியவளானால் நன்னி சொல்லிக்கொடுப்பார். நிகாஹ் நிச்சயமானதும் மச்சி ஒருத்தி வந்து காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவாள். பையனுக்கு மாமன் மகனோ மச்சானோ சொல்லுவான். பெண் பருவமடைவதற்கும் நிகாஹுக்கும் இடையே மூன்று நான்கு ஆண்டுகள்தாம். பெற்றோர் மௌனமாயிருந்தும் காரியம் நடந்தது என்றால், பேச வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதே காரணம்.

பிறகு 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அத்துண்டாடலைத் தடுக்கத்தான். எஞ்சிய தோட்டங்களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்துச் சனங்கள் ஈப்போவுக்கும், பினாங்குக்கும், கோலாலம்பூருக்கும் சிதறினார்கள். இன்று தாமானில் கல் வீடு, ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு. நன்னி தமிழ்நாட்டிலோ வேறு நகரத்திலோ இருக்கிறார். தகப்பனார் உணவகத்தை மூடிவிட்டு இரவு இரண்டு மணிக்கு வருகிறார். இருபத்து நான்கு மணி நேரக் கடையென்றால் அதுவும் இல்லை. பிள்ளை பதினொன்றிலோ பன்னிரண்டிலோ பருவமடைகிறது. நிகாஹ் இருபத்தைந்தைத் தாண்டித்தான் நடக்கிறது. மூன்றாண்டு இடைவெளி பதினான்கு ஆண்டாக நீண்டுவிட்டது. சொல்லிக்கொடுக்க இருந்தவர்களோ போய்விட்டார்கள். அந்த வெற்றிடத்தில் இப்போது உட்கார்ந்து பாடம் நடத்துவது கைப்பேசி. அது எந்த மத்ஹபில் பாடம் நடத்துகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நிகாஹுக்கு முன் நம் மணமக்கள் திருமண முன்பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்குகிறார்கள். கணவன் மனைவி உறவு அங்கே பாடமாகச் சொல்லப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பத்தாண்டு தாமதம். பள்ளிக்கூடத்திலும் 2009இல் அமைச்சரவை ஏற்ற 'பெகெர்த்தி' என்னும் கொள்கையின்படி இனப்பெருக்க நலமும் சமூக நலமும் நலக்கல்விப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. படம் போட்டு உறுப்புகளின் பெயரைச் சொல்வது ஆசிரியருக்கு எளிது. "அவன் என்னிடம் ஒரு படம் கேட்கிறான், நான் என்ன செய்ய?" என்ற கேள்விக்கு அந்தப் பாடநூலில் இடமில்லை. அந்தக் கேள்வி வீட்டுக்கு வரவேண்டிய கேள்வி.

"பேசினால் பிள்ளைக்கு ஆசை வந்துவிடுமே" என்ற அச்சம் பல தாய்மார்களுக்கு இருக்கிறது. அதை நாம் இகழமாட்டோம். பிள்ளைமேல் வைத்த அன்பிலிருந்து வரும் அச்சம் அது. ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் இதற்கு மாறாகச் சொல்கிறது. முறையாகக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் அதனால் முன்கூட்டியே தவறுவதில்லை. தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு என்பதே அதன் முடிவு. 2017இல் நம் சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவரிடையே நடத்திய ஆய்வில், உடலுறவு கொண்டதுண்டு என்று கூறியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர். ஏழு பேரும் நமக்குக் கவலைதான். எனினும் மீதி 93 பேரைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. "எல்லாரும் செய்கிறார்கள், நீ மட்டும் பட்டிக்காடு" என்று நண்பன் சொல்லும்போது, அது பொய்க் கணக்கு என்று அறிந்திருப்பது ஒரு பையனுக்குப் பெரும் பலம்.

பேசும் முறைக்கு வருவோம். அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி முஸ்னது அஹ்மதில் இருக்கிறது. வாலிபர் ஒருவர் நபியவர்களிடம் வந்து விபசாரம் செய்ய அனுமதி கேட்டார். சபையோர் அதட்டினார்கள். நபியவர்களோ அவரைக் கிட்ட அழைத்து உட்காரவைத்தார்கள். உன் தாய்க்கு இப்படி நேர்வதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு, மாமிக்கு, சின்னம்மாவுக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் மாட்டேன் என்றார். பிறகு அவர்மீது கை வைத்து, பாவமன்னிப்புக்கும் இதயத் தூய்மைக்கும் கற்பின் பாதுகாப்புக்கும் துஆச் செய்தார்கள். அங்கே நடந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அந்த வாலிபர் கேட்டதைவிடக் கூச்சமான கேள்வியை நம் பிள்ளை எதுவும் கேட்டுவிடப் போவதில்லை. நபியவர்கள் நரகத்தைச் சொல்லி மிரட்டித் தொடங்கவில்லை. கேள்வி கேட்டார்கள், அவரே சிந்தித்து அவரே பதில் சொன்னார். நம் வீடுகளில் அதட்டும் சபையோராகத் தகப்பனார் இருக்கிறார். கிட்ட அழைத்து உட்காரவைப்பவர்தான் இல்லை.

கடைசி ஹஜ்ஜில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நபியவர்களின் ஒட்டகத்தில் பின்னால் அமர்ந்திருந்த சிறிய தந்தையார் மகன் பழ்லு (ரலி) அவர்கள், மார்க்கக் கேள்வி கேட்க வந்த கஸ்அம் குலத்து இளம்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நபியவர்கள் தம் கையால் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். பலர் முன்னிலையில் அவமானப்படுத்தவில்லை, அந்தப் பெண்ணையும், "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று விரட்டவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. நம்மில் ஒருவர் அந்த ஒட்டகத்தில் இருந்திருந்தால் குற்றம் முழுவதும் அந்தப் பெண்மீது போயிருக்கும்!

பேசுவதற்குத் தனி நாள் குறித்து, பிள்ளையைக் கூடத்தில் உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்க வேண்டியதில்லை. அப்படித் தொடங்கினால் பிள்ளை ஓடிவிடும். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும் வேனில் மகனை ஏற்றிக்கொள்ளுங்கள். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு போகும்போது, முகத்தைப் பார்த்துப் பேச முடியாத பேச்செல்லாம் வரும். தாய்க்கு அடுப்படி இருக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது மகள் சொல்வதைக் கண்ணீரோடு கேட்டாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சிறு வயதிலேயே அடித்தளம் போடவேண்டும். திருக்குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் பெற்றோரின் அறைக்குள் வரவேண்டும் என்கிறது: சுபுஹுக்கு முன், நண்பகலில் உடை களைந்து இளைப்பாறும்போது, இஷாவுக்குப் பின். அடுத்த வசனம் பருவமடைந்தவர்கள் எப்போதும் அனுமதி கேட்கவேண்டும் என்கிறது. இது நம் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகலாம். ஆறு வயதுப் பிள்ளையிடம், "கதவைத் தட்டிவிட்டு வா, அத்தாவும் அம்மாவும் தனியாக இருக்கும் நேரம் இது" என்று சொன்னாலே, உடலுக்கு ஒரு மரியாதை உண்டு, தனிமை உண்டு என்பது பதிந்துவிடுகிறது. அதே பிள்ளையின் அறைக் கதவை நாமும் தட்டிவிட்டு நுழைந்தால் பாடம் முழுமையாகும்.

மகளின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே தாய் சொல்லியிருக்கவேண்டும். பள்ளிக் கழிப்பறையில் இரத்தத்தைக் கண்டு, தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டதென்று நடுங்கிய பிள்ளைகள் இன்றும் உண்டு. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ராவுத்தர் குடும்பத்துத் தாயார் ஹனபி மத்ஹபின்படி, ஹைளு குறைந்தது மூன்று நாள், கூடினால் பத்து நாள் என்பார். பள்ளி உஸ்தாஸா ஷாபி மத்ஹபின்படி, குறைந்தது ஒரு பகல் ஓரிரவு, கூடினால் பதினைந்து நாள் என்பார். இரண்டும் சரியே, இரண்டு இமாம்களின் வழி என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், பிள்ளை தன் தாய்க்கு ஒன்றும் தெரியாதென்று முடிவுகட்டிவிடும்.

நோன்பு மாதத்தில் மகள் தொழுகை இல்லாத நாட்களில் என்ன செய்கிறாள்? ஸஹருக்கு எழுந்து எல்லாரோடும் உண்டுவிட்டு, நாள் முழுவதும் தம்பிமார் முன் நோன்பாளியைப் போல நடக்கிறாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடிக்கிறாள். அல்லாஹ் கொடுத்த சலுகையைத் திருடியைப் போலப் பயன்படுத்துகிறாள். தம்பிக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டதென்றால், "ராத்தாவுக்கு இன்று நோன்பு இல்லை, பெண்களுக்கு மாதத்தில் சில நாள் அப்படித்தான், நீ ஏன் என்று துருவாதே, கேலி செய்யாதே" என்று தகப்பனார் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? பெண்ணின் உடலைப் பற்றி அந்தப் பையன் முதலில் கேட்பது தகப்பனாரின் மரியாதையான சொல்லாக இருக்கும்.

மகனுக்கும் ஒருநாள் படுக்கை நனைகிறது. தாய் விரிப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டு மௌனமாகத் துவைத்துப் போடுகிறாள். அவன் தன்னை நோயாளியென்றோ பாவியென்றோ எண்ணிக்கொண்டு வாரக்கணக்கில் புழுங்குகிறான். "இது நோயுமல்ல, பாவமுமல்ல, நீ ஆளாகிவிட்டாய், இனிக் குளிப்பு உன்மேல் கடமை" என்று தகப்பனார் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? மகளுக்குப் பூட்டும் மகனுக்குச் சாவியும் கொடுத்து வளர்ப்பது நம் சமூகத்தின் பழைய வழக்கம். பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளையோ அந்நூர் அத்தியாயத்தில் ஆண்களுக்குத்தான் முதலில் வருகிறது.

படிவம் 1இல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பள்ளியிலேயே இலவசமாகப் போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் வீட்டுக்கு வரும். நோய்க் கிருமி உடலுறவால் பரவுவது என்று கேள்விப்பட்டதும், "என் மகள் அப்படிப்பட்டவள் அல்ல" என்று தாளைத் திருப்பி அனுப்பும் தாய்மார் உண்டு. அம்மா, ஊசி இன்றைக்காக அல்ல. நாளை நிகாஹ் முடித்து வருகிற கணவனிடமிருந்தும் அக்கிருமி தொற்றலாம். தொற்றுமுன் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். கையெழுத்துப் போடும் வேளையில் இதை மகளிடமும் சொல்லிவிட்டால், தேடித் திரியாமலே ஒரு நல்ல தொடக்கம் கிடைத்துவிடுகிறது.

காதல் விஷயத்தில் நாம் சற்றுப் பொறுமையோடு பேசவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைக் 'கப்பள்' என்கிறார்கள். புலனத்தில் தொடங்கி, சீனிவாசகம் பூங்காவிலோ பேரங்காடியிலோ சந்திப்பதாக வளர்கிறது. ஒருவர்மேல் மனம் போவது இயற்கை. மார்க்கம் அதைக் குற்றமென்று எழுதவில்லை. தனித்திருப்பதும், தொடுவதும், அதற்கப்பால் போவதுமே தடுக்கப்பட்டவை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், மனம் போனதையே பெருங்குற்றமாக்கிவிட்டால், "குற்றவாளி என்று பெயர் வந்தாயிற்று, இனி என்ன?" என்று பிள்ளை நினைக்கும். மகள், "ஒரு பையன் என்னைப் பிடித்திருக்கிறது என்கிறான்" என்று வாய் திறந்தால் நம் முதல் கேள்வி, "யார் மகன்? எந்த ஊர்?" என்பதாக இருக்கிறது, இரண்டாவதாகக் கன்னத்தில் ஓர் அறை. "என்னிடம் சொன்னது நல்லதாயிற்று. உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மீதியை அவளே சொல்வாள். பிறகு நாம் எதை ஏற்கிறோம், எதை ஏற்கமாட்டோம் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அன்பாகக் கேட்பதற்கும் அனுமதி கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டென்று பிள்ளைக்கும் தெரியும்.

பழைய தோட்டத்து மண்ணில் எழுந்த தாமான்களில் நம் பிள்ளையும் இந்து அண்டை வீட்டார் பிள்ளையும் ஒரே தமிழைப் பேசி, ஒரே பேருந்தில் போய் வளர்கிறார்கள். அவர்களில் இருவருக்குள் அன்பு அரும்பினால் அதிசயமில்லை. அப்போது அடுத்த வீட்டாரைத் தரக்குறைவாகப் பேசுவது ஈனம். அது பிள்ளையைத் திருப்பவும் செய்யாது. நம் நாட்டில் முஸ்லிம் ஒருவரை மணக்க மற்றவர் இஸ்லாத்தில் சேரவேண்டும் என்பதைப் பதினைந்து வயதிலேயே பிள்ளை அறிந்திருக்கவேண்டும். அது ஒரு தாளில் போடும் கையெழுத்து அல்ல. மற்றொருவர் தம் தாய்வீட்டுத் தீபாவளியையும், வழிபாட்டையும், தகப்பனுக்குச் செய்யவேண்டிய கடைசிச் சடங்கையும் விட்டு வருவது அதில் அடங்கியிருக்கிறது. "உன்மேல் வைத்த ஆசைக்காக இன்னொருவரை இவ்வளவும் கேட்க உனக்கு உரிமை உண்டா?" என்று பிள்ளையிடமே கேட்கலாம். விளையாட்டாகத் தொடங்கியது அங்கேயே நின்றுவிடக்கூடும்.

இனிச் சட்டம். இதை மகன்களுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உடலுறவு கொள்வது, அவளே சம்மதித்தாலும், தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவின்படி பலாத்காரக் குற்றம். 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் பாதுகாக்கிறது. அவர்களின் ஆபாசப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தால் மட்டுமே 5 ஆண்டு வரை சிறை உண்டு. தோழி தானாக அனுப்பினாள் என்பது சமாதானமாகாது. நண்பர் குழுவில் வந்த படத்தை மறு நண்பனுக்கு அனுப்பும் பையன் தான் என்ன செய்கிறான் என்று அறியாமலே குற்றவாளியாகிறான். நம் பிள்ளைகள் கல்வத்துச் சோதனைக்கு அஞ்சும் அளவுக்கு இதற்கு அஞ்சுவதில்லை.

இச்சட்டம் பிறந்த பின்னணி துயரமானது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஏழைக் குடும்பங்களோடு ஒட்டிப் பழகி, ஆண்டுக்கணக்கில் சிறு குழந்தைகளைச் சீரழித்த ஓர் ஆங்கிலேயருக்கு 2016 ஜூனில் இலண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அத்தனை காலம் அது வெளிவராதது நாட்டை உலுக்கியது. நடந்தது தவறு என்று சொல்ல, அந்தக் குழந்தைகளிடம் ஒரு சொல்லாவது இருந்திருக்குமா? உறுப்புகளின் பெயரைக்கூட நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. 'அது', 'கீழே' என்கிறோம். யுனிசெப், எக்பாட், இண்டர்போல் மூன்றும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயது வரையுள்ள மலேசியப் பிள்ளைகளில் குறைந்தது நூற்றுக்கு 4 பேர் ஓராண்டுக்குள் இணையவழிப் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார்கள். தலைக்கணக்கில் சுமார் 1,00,000 பிள்ளைகள்.

வலை விரிப்பவனின் வழி எப்போதும் ஒன்றுதான். முதலில் பாராட்டுவான், கைப்பேசிக்கு ரீலோட் போட்டுக்கொடுப்பான், "இது நமக்குள் இரகசியம்" என்பான், பிறகு படம் கேட்பான், படம் கிடைத்தபின் மிரட்டுவான். அவன் அந்நியனாகத்தான் இருப்பான் என்று எண்ணவேண்டாம். பள்ளி வேன் ஓட்டுபவர், டியூஷன் ஆசிரியர், சொந்தக்காரர், ஓதிக்கொடுப்பவர் யாராகவும் இருக்கலாம். பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையிலிருந்து தவறு செய்தவருக்குச் சட்டம் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. "பெரியவர்களுக்குக் கீழ்ப்படி" என்று சொல்லி வளர்க்கும் நாம், "உன் உடலைத் தொடும் பெரியவருக்குக் கீழ்ப்படியாதே, அவர் ஹஜ்ரத்தாயிருந்தாலும் மாமாவாயிருந்தாலும் என்னிடம் வந்து சொல், உன்னை அடிக்கமாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கடைசிச் சொல் மிக முக்கியம். அடி விழும் என்ற பயத்தால்தான் மிரட்டுபவன் வெல்கிறான்.

எல்லாம் மீறிப் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் சில குடும்பங்கள் உடனே நிகாஹைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன. மானத்தை மூடும் துணியாக நிகாஹைப் பயன்படுத்துவது அந்தப் புனித ஒப்பந்தத்துக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநீதி என்பது நம் கருத்து. குற்றமும் அதனால் மறைவதில்லை. 2013இல் சபா மாநிலத்தில் 13 வயதுச் சிறுமியைச் சீரழித்தவன் பிறகு அவளையே மணந்துகொண்டான். அப்படியும் 2014இல் நீதிமன்றம் அவனுக்கு 12 ஆண்டு சிறை விதித்தது. இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதிருப்பதும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. உறவினர் கூடிப் பஞ்சாயத்துப் பேசி முடிப்பவர்கள் இதை அறிவது நலம்.

பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் குளிப்பாட்டவேண்டாம்; உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் அல்ல. ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே அழைத்துப் போகலாம். முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. மருத்துவரும், சமூகநல அதிகாரியும், போலீசாரும் பிள்ளையை ஒரே இடத்தில் கவனிக்கும் ஏற்பாடு அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கிறது. எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டுமாதலால், "நாளை பார்ப்போம்" என்பது கூடாது. சட்ட ஆலோசனைக்கும் துணைக்கும் ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் சங்கத்தார் இருக்கிறார்கள். இரவில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தவிப்பவர்கள் தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்குப் பேசலாம். இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும். அந்த எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். சொல்ல வேண்டியது வீட்டிலுள்ளவரைப் பற்றியே இருந்தாலும் அது உதவும்.